துப்புரவு ஒப்பந்தம் எடுப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

இடம்பெயர்ந்து ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு முதலில் வீடு, அடுத்து பிள்ளைகளின் பாடசாலை, அதற்கடுத்து வருமானம் பற்றிய கவலை வரும். தோட்டத்தில் மீண்டும் பெயர் பதிய எல்லோருக்கும் இடம் கிடைக்காது. கொழும்பிலோ வேறு நகரங்களிலோ துப்புரவு வேலை செய்து பழகியவர்கள் உங்களில் இருக்கலாம். அந்த வேலையை நாலைந்து பேர் சேர்ந்து, சொந்த வியாபாரப் பெயரில், அரச நிறுவனங்களுக்குச் செய்து கொடுக்க முடியும்.

ஆனால் ஒப்பந்தத்தைப் பெறுவதைவிட அதை நட்டமில்லாமல் நடத்துவதுதான் கடினம். அடகு வைத்த நகை திரும்பி வருமா, உங்களை நம்பி வேலைக்கு வந்தவருக்குச் சம்பளம் கிடைக்குமா என்பது நீங்கள் எழுதும் விலையில்தான் தங்கியிருக்கிறது. இந்தப் பாடம் அந்த விலையைப் பற்றியது.

எங்கே தொடங்குவது?

நுவரெலியா மாநகர சபை, ஹட்டன்-டிக்கோயா நகர சபை, தலவாக்கலை-லிந்துலை நகர சபை, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை பிரதேச சபைகள், பிரதேச செயலகங்கள், வைத்தியசாலைகள் எல்லாம் அரச பெறுகை விதிகளின்படியே சேவைகளைப் பெறுகின்றன. சிறிய வேலைகளுக்கு, பதிவுசெய்யப்பட்ட வழங்குநர்களிடம் மட்டும் விலை கேட்பார்கள். பெரிய வேலைகளுக்குப் பத்திரிகையில் கேள்வி அறிவித்தல் போடுவார்கள்.

புதிய குழுவுக்கு ஏற்றது முதலாவது வழி. அடுத்த ஆண்டுக்கான வழங்குநர் பதிவுக்கு நிறுவனங்கள் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் விண்ணப்பம் கோரும். அதைத் தவறவிட்டால் ஓராண்டு காத்திருக்க நேரலாம். ஒரு சிறிய அலுவலகத்தை ஓராண்டு ஒழுங்காகச் செய்துகொடுத்து அனுபவக் கடிதம் வாங்கிய பின் வைத்தியசாலைக் கேள்விக்குப் போங்கள். அனுபவச் சான்று இல்லாத விலைமனு பல இடங்களில் முதற் பரிசீலனையிலேயே நிராகரிக்கப்படும்.

கையில் இருக்க வேண்டிய பத்திரங்கள்

தேசிய அடையாள அட்டை, பிரதேச செயலகத்தில் பெறும் வியாபாரப் பெயர்ப் பதிவு, வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்கு, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி செலுத்துநர் அடையாள இலக்கம், ஊழியர் சேமலாப நிதியின் தொழில்தருநர் பதிவு ஆகியவை அடிப்படை. ஒப்பந்தப் பெறுமதி 50 இலட்சம் ரூபாவைத் தாண்டினால், 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பகிரங்க ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழும் பதிவு வேண்டும். இடப்பெயர்வில் அடையாள அட்டை தொலைந்திருந்தால் முதலில் உங்கள் கிராம உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். அது இல்லாமல் மற்ற வேலைகள் நகராது.

விலையைச் சம்பளத்திலிருந்து கட்டுங்கள்

ஒரு சிறிய வைத்தியசாலை, தினமும் ஆறு பேர் வேலைக்கு வேண்டும் என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. ஆறு பேருக்கு 180,000 ரூபா. சவர்க்காரச் செலவையும் கொஞ்சம் இலாபத்தையும் சேர்த்து விலை எழுதிவிடலாம் என்று தோன்றும். இங்கேதான் பல சிறிய குழுக்கள் விழுகின்றன.

முதலாவது, ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 சதவீதம், தொழில்தருநரின் பங்கு 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 சதவீதம் கட்ட வேண்டும். 8 சதவீதத்தை மட்டுமே சம்பளத்தில் கழிக்கலாம். மற்ற 15 சதவீதம் உங்கள் செலவு. ஆகவே ஒருவருக்கு 30,000 அல்ல, 34,500 ரூபா.

இரண்டாவது, வைத்தியசாலைக்கு விடுமுறை இல்லை, வேலை செய்பவருக்கு உண்டு. கிழமைக்கு ஏழு நாளும் ஆறு பேர் நிற்க வேண்டுமானால் 42 ஆள்நாட்கள். ஒருவர் ஆறு நாள் வேலை செய்தால் ஏழு பேர் தேவை. ஏழு பேருக்கு 34,500 வீதம் 241,500 ரூபா.

முதலில் போட்ட கணக்குக்கும் இதற்கும் மாதம் 61,500 ரூபா வித்தியாசம். ஓராண்டுக்கு 738,000 ரூபா. குறைந்த கணக்கில் விலை எழுதி ஒப்பந்தத்தை எடுத்தவர் இந்தத் தொகையைத் தன் கையிலிருந்து போட வேண்டும். அல்லது தன்னோடு வேலை செய்யும் பெண்ணின் சேமலாப நிதியில் கைவைக்க வேண்டும். இரண்டாவதைச் செய்தால் தொழில் திணைக்களம் நிலுவையை மேலதிகக் கட்டணத்துடன் அறவிடும், வழக்கும் தொடரலாம்.

துப்புரவுச் சேவைக்குத் தனிச் சம்பளச் சபை இருப்பதால், விலை எழுதும் நாளில் நடைமுறையிலுள்ள சம்பளத்தைத் தொழில் அலுவலகத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அதன்பின் தும்புத்தடி, மொப், கிருமிநீக்கி, கையுறை, இறப்பர் சப்பாத்து, போக்குவரத்து, மேற்பார்வை, இலாபம் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். போயா நாள், விடுமுறை நாள் வேலைக்கான கொடுப்பனவையும் விடாதீர்கள்.

பணம் வரும்வரை யார் கொடுப்பது?

அரச நிறுவனம் முற்பணமாகச் சம்பளம் தராது. மாதம் முடிந்து, வேலை சரியென்று உறுதிப்படுத்தி, பட்டியல் அனுப்பிய பின்பே காசோலை வரும். அது தாமதிக்கலாம். மூன்று மாதம் தாமதித்தால், மேலே சொன்ன ஏழு பேருக்கு 724,500 ரூபா உங்களிடம் இருக்க வேண்டும். ஆட்களின் வீட்டு அடுப்பு உங்கள் காசோலைக்காகக் காத்திருக்காது.

விலைமனுப் பிணை, ஒப்பந்தம் கிடைத்தபின் செயலாற்றுகைப் பிணை ஆகியவையும் கேட்கப்படலாம். லயத்தில் இருப்பவரிடம் காணி உறுதி இல்லாததால் வங்கி பெரும்பாலும் பணத்தை வைப்பிலிடச் சொல்லும். சில கேள்விகளில் பிணைக்குப் பதிலாகக் கையொப்பமிட்ட பிரகடனம் ஏற்கப்படும். பத்திரத்தில் அந்த வசதி உண்டா என்று முதலில் பாருங்கள். விலைமனு செல்லுபடியாகும் காலத்துக்குள் அதை மீளப்பெற்றால் பிணைப்பணம் போய்விடும். பிரகடனம் கொடுத்திருந்தால் குறிப்பிட்ட காலத்துக்கு வேறு கேள்விகளில் பங்குபற்ற முடியாமல் போகலாம்.

கையொப்பமிடும் முன்

கேள்விப் பத்திரங்கள் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழும் அரசகரும மொழி. தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. ஆள் வராத நாளுக்கு எவ்வளவு கழிப்பார்கள், பொருட்களை யார் கொடுப்பது, சம்பளம் சட்டப்படி கூடினால் ஒப்பந்த விலையும் கூடுமா என்ற மூன்றையும் எழுத்தில் தெரிந்துகொள்ளாமல் கையொப்பமிட வேண்டாம். உங்கள் விலைமனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் தகவல் கோரலாம்.

குழுவாகச் செய்து பாருங்கள்

ஒரு பிரதேச செயலகத்துக்கு, கிழமைக்கு ஐந்து நாள், நான்கு பேர் தேவை. மாதச் சம்பளம், நிதிகளுக்கான பங்களிப்பு, பொருட்செலவு, மூன்று மாதத்துக்கான கைப்பணம் ஆகியவற்றைத் தனித்தனி வரிகளில் எழுதுங்கள். வேலைக்குச் சேரப்போகும் ஒவ்வொருவருக்கும் அந்தத் தாளை வாசித்துக் காட்டுங்கள். கைப்பணத்துக்கு வழி தெரியாவிட்டால் இந்தமுறை விலை போடாமல், இன்னும் சிறிய வேலை ஒன்றுக்குப் பதிந்துவையுங்கள்.