மலைக்கு மணல் சொல்லும் முன்: வீடு கட்டுவோருக்கு முழுமையான வழிகாட்டி

வீடு கட்டுகிறவருக்கும் கடைக்காரருக்கும் வரும் தகராறில் பாதி, போனில் பேசியதை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வதால் வருவது. கள்ளக்குறிச்சி டவுனில் என்றால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் கட்டுகிறவருக்கு வண்டி வாடகையே பொருள் விலையைத் தொட்டுவிடும்.

படி 1: ஆர்டர் சொல்ல ஒரே ஆள்

மேஸ்திரி ஒன்று சொல்வார், மச்சான் இன்னொன்று சொல்வார். கடைக்காரர் இரண்டையும் ஏற்றிவிடுவார். யார் சொன்னால் அனுப்பலாம் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். போனில் சொன்னதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாகவும் போடுங்கள்.

படி 2: அளவு

‘ஒரு லோடு எம்-சாண்ட்’ என்றால் வண்டிக்கு வண்டி கணக்கு மாறும். யூனிட்டில் கேளுங்கள், ஒரு யூனிட் 100 கன அடி. கொட்டுவதற்கு முன் டேப் பிடியுங்கள். தொட்டி 12 அடி நீளம், 7 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். மணல் மூன்றரை அடி நின்றால் 294 கன அடி, கிட்டத்தட்ட 3 யூனிட். மூன்றடிதான் என்றால் இரண்டரை யூனிட். நடுவிலும் நாலு மூலையிலும் கம்பியைக் குத்திப் பாருங்கள். ஈர மணல் உப்பி நின்று கூடுதலாகக் காட்டும். டிரைவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

பூச்சுக்கா, கான்கிரீட்டுக்கா என்று வேலையையும் சேர்த்துச் சொன்னால் பி-சாண்டும் எம்-சாண்டும் மாறி வராது. கம்பியை எண்ணிக்கையில் கேட்டால் பில் எடையில் வரும். 12 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளம், ஒன்று சுமார் 10.6 கிலோ. பத்துக் கம்பிக்கு 120 கிலோ என்று பில் வந்தால் நின்று கேளுங்கள்.

படி 3: வழி

கச்சிராயப்பாளையம் தாண்டி ஏறும் டிப்பர் உங்கள் ஊர்ப் பாதையில் திரும்புமா? ஓடைக்கு இந்தப் பக்கமே இறக்க வேண்டுமா? போட்டோ எடுத்து அனுப்புங்கள். சின்ன வண்டிக்கு மாற்றும் செலவு, இறக்குகூலி யார் தலையில் என்பதை விலை பேசும்போதே முடித்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் மணலும் ஜல்லியும் மேலே வந்துவிடட்டும். சிமென்டை மட்டும் குவிக்காதீர்கள். 3 மாதம் தாண்டினால் வலு குறையும்.

படி 4: பணம்

அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் கட்டுகிறவர் என்றால், 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், அதுவும் கட்டம் கட்டமாகத்தான். எந்த வேலை முடிந்தால் அடுத்த தவணை என்பதைக் கடைக்காரரிடம் மறைக்க வேண்டாம்.

படி 5: தளம் போடும் நாள்

முந்தின நாள் மாலையே எல்லாம் இடத்தில் இருக்க வேண்டும். பாதியில் ஜல்லி தீர்ந்து வேலை நின்றால், பழைய கான்கிரீட்டும் புதியதும் சேரும் இடத்தில் பின்னால் ஒழுகும். ‘வண்டி கிளம்பிடுச்சு’ என்று கடையில் சொன்னால் டிரைவர் நம்பரை வாங்கி, எங்கே வருகிறார் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.