குண்டுமல்லிக்குக் கார்த்திகைக் கவாத்து

கீழப்பாவூர் வட்டாரத்தில் கிணற்றுப் பாசனத்தில் கால் ஏக்கர், அரை ஏக்கர் குண்டுமல்லி வைத்திருப்போருக்கு நவம்பர் கடைசி வாரம் முக்கியமான காலம். கவாத்து செய்ய வேண்டிய நேரம் அதுவே. ஆனால் பலருக்கும் செடியை வெட்ட மனம் வருவதில்லை. குளிர் மாதங்களில் பூ வரத்துக் குறைந்து விலை கூடுவதால், நிற்கும் நாலு பூவையும் இழப்பதா என்று தயங்குகிறார்கள். இத்தயக்கத்தால் பங்குனி முதல் வரவேண்டிய பெரும்பூப்பு குறைந்துபோகிறது.

ஏன் வெட்ட வேண்டும்?

மல்லிகை புதுத்தளிரின் நுனியிலும் கணுவிலும்தான் மொட்டு விடும். முற்றிய வாதுகள் இலையைச் சுமக்குமே தவிர, பூவைத் தருவது குறைவு. வெட்டாத செடி அடர்ந்து, உள்ளே வெயில் புகாமல், பூச்சிக்கும் நோய்க்கும் இடமாகிறது.

எப்படி வெட்டுவது?

1. கவாத்துக்குச் சில நாள் முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்தவும். மழை ஓய்ந்த நாளில் வெட்டவும்.

2. தரைமட்டத்திலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு, கூரிய கத்தரியால் பிசிறின்றி வெட்டவும். அரிவாளால் கொத்தினால் வாது பிளந்து அழுகும்.

3. காய்ந்த, நோயுற்ற, பின்னிக் கிடக்கும் வாதுகளை அடியோடு நீக்கவும்.

4. மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோவைத் தனித்தனியே மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, மொத்தம் 10 லிட்டர் வருமாறு கலந்தால் போர்டோ பசை கிடைக்கும். இதைத் தடித்த வெட்டு வாய்களில் தடவவும். இரும்புப் பாத்திரம் கூடாது.

உரமிடல்

வெட்டியதோடு வேலை முடிந்துவிடாது. செடி ஒன்றுக்குத் தொழு உரம் 10 கிலோ, யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் ஆகியவற்றைத் தூரிலிருந்து 30 செ.மீ. தள்ளி வட்டமாக இட்டு, மண்ணைக் கிளறி மூடவும். மழை இல்லையேல் உடனே நீர் பாய்ச்சவும். தொழு உரம் நீங்கலாக, இதே அளவை ஜூன்-ஜூலையில் மீண்டும் இடவும்.

இன்னும் தயங்குவோர் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நவம்பர் கடைசியிலும் மறுபாதியை இரு வாரம் கழித்தும் வெட்டலாம். பூப்பு முன்பின்னாக வரும். பறிப்பு ஆளுக்கும் நெருக்கடி இராது. இந்த ஆண்டு பத்துச் செடிகளை மட்டும் வெட்டாமல் விட்டு, பங்குனியில் இரண்டையும் எடை போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கே உங்கள் தயக்கத்தைத் தீர்க்கும்.