இல்லாத படம்
‘தலைமுறைகள்’ தரும் குடும்பப் பாடம்



மாத்தளைத் தோட்டங்களிலும் பட்டணத்திலும் வீடு சந்திக்கச் செல்லும் குருக்கள் அறிந்த காட்சி ஒன்று உண்டு. சுவரில் பிள்ளைகளின் திருமணப் படங்கள் வரிசையாகத் தொங்கும். ஒரு பிள்ளையின் படம் மட்டும் இராது. விசாரித்தால், “அவன் எங்களுக்கு இல்லை, சாமி” என்பார் தகப்பன். தாய் பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இத்தகைய வீடொன்றின் கதையே 2013இல் வெளிவந்த ‘தலைமுறைகள்’ திரைப்படம். இயக்கியவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து, புனித மிக்கேல் கல்லூரியில் பயின்றவர். பாட்டும் சண்டையும் இல்லாமல், சிறு செலவில் எடுத்த படம். தாத்தாவாக அவரே நடித்தார். 2014 பெப்ரவரி 13இல் அவர் காலமானார். இதுவே அவரது கடைசிப் படம். தேசிய ஒருமைப்பாட்டுக்கான இந்தியத் தேசிய விருதும் இதற்குக் கிடைத்தது.

கதை இதுதான். கிராமத்துப் பெரியவர் ஒருவரின் மகன் ஸ்டெல்லா என்ற கிறிஸ்தவப் பெண்ணை மணக்கிறான். தகப்பன் உறவை முறித்துக்கொள்கிறார். பல ஆண்டுகளுக்குப்பின் அவர் நோயுறவே மகன் தேடி வருகிறான். பெரியவரின் மனம் உடனே இளகவில்லை. பேரனுக்கோ தமிழ் தெரியாது. தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கும் போதுதான் மூடிய கதவு மெல்லத் திறக்கிறது.

இப்படம் நமக்குக் கற்பிப்பது என்ன?

முதலாவது: கிறிஸ்தவ மருமகளை ஒதுக்கிய அந்தப் பெரியவர்மீது நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் இந்து மருமகளை, பௌத்த மருமகனை நாம் ஒதுக்கியதில்லையா? ஞானஸ்நானம் பெறாதவரைக் கத்தோலிக்கர் மணக்க ஆயரின் விதிவிலக்கு வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம். பெற்ற பிள்ளையைத் தலைமுழுகும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இரண்டாவது: ஊதாரி மைந்தன் உவமையில் ஓடி வந்து அணைப்பவர் தந்தை. இப்படத்திலோ புண்பட்ட மகனே முதலில் படியேறுகிறான். யாராவது ஒருவர் முதலில் நடக்கவேண்டும். நோய்ப் படுக்கைவரை காத்திருப்பானேன்?

மூன்றாவது: பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கட்டும், சிங்களமும் படிக்கட்டும். ஆனால் தோட்டத்து லயத்தில் இருக்கும் பாட்டியோடு நாலு வார்த்தை பேசத் தெரியாமல் வளர்ந்தால், நட்டம் இருவருக்குமே.

தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் என ஜூலை மாத நான்காம் ஞாயிறை 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தினார். அன்று பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள்.

வீட்டில் கலந்து பேச:
1. நம் வீட்டுச் சுவரில் யாருடைய படம் இல்லை?
2. கடைசியாக அவரோடு பேசியது எப்போது?
3. முதலில் யார் போவது?

மூன்றாம் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால், இதை வாசிக்கும் நீங்களே புறப்படுங்கள்.