வரலாற்றுப் பாடத்தில் பெண்களின் இடம்

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மன்னர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமே. மன்னர் போருக்குச் சென்றபோது வயலில் நாற்று நட்டவர் யார்? நூல் நூற்றவர் யார்? மக்களில் ஏறத்தாழச் சரிபாதியினரை விட்டுவிட்டு எழுதப்படும் வரலாறு பாதி வரலாறே ஆகும்.

பாடநூலில் பெண்களே இல்லை என்று கூறுவதற்கில்லை. வேலு நாச்சியாரையும் ஜான்சி ராணியையும் நாம் அறிவோம். ஆயினும், வாளேந்திய சிலரை அறிந்தால் மட்டும் போதாது. இன்று நாம் அனுபவிக்கும் உரிமைகள் எவ்வாறு வந்தன என்பதையும் அறிதல் வேண்டும்.

வாக்குரிமையை எடுத்துக்கொள்வோம். சென்னை மாகாணத்தில் 1921-ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆனால் சொத்துத் தகுதி வேண்டியிருந்ததால், அதைப் பெற்ற பெண்கள் மிகச் சிலரே. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்ற முறையில் முதல் பொதுத் தேர்தல் 1951-52-இல் நடைபெற்றது. அப்போது, பெரும்பாலும் வட மாநிலங்களில், பெண்கள் பலர் தம் பெயரைக் கூறாமல் “இன்னாருடைய மனைவி”, “இன்னாருடைய மகள்” என்றே பதிவு செய்தனர். சொந்தப் பெயர் தரப்படாமையால் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். சட்டம் கொடுத்ததை வழக்கம் தடுத்துவிட்டது!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்வும் இதையே உணர்த்துகிறது. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், எதிர்ப்புகளுக்கிடையே ஆண்கள் கல்லூரியில் பயின்று, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை சட்டசபையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய முயற்சி 1947-இல்தான் முழுமையான சட்டமாயிற்று. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததும் அவர் முயற்சியாலேயே. உரிமை எதுவும் தானாக வந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே, நூலின் கடைசியில் “பெண்களின் நிலை” என்று ஒரு பத்தி சேர்ப்பதனால் பயனில்லை. ஒவ்வொரு பாடத்திலும் “அக்காலத்தில் பெண்கள் என்ன செய்தனர்? கல்வியும் சொத்தும் அவர்களுக்கு இருந்தனவா?” என்ற வினா எழவேண்டும்.

அன்பு மாணவியரே! இந்த விடுமுறையில் உங்கள் பாட்டியிடம் பேசுங்கள். எந்த வகுப்புவரை படித்தார், ஏன் நிறுத்தினார், வீடு யார் பெயரில் இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். பெற்றோரும் இதற்குத் துணைநிற்பார்களாக. அப்பக்கத்தின் தலைப்பில் “இன்னாருடைய மனைவி” என்றல்ல, பாட்டியின் சொந்தப் பெயரையே எழுதுங்கள்.