வாரமா, பாயிண்டா? டைம்ஷேர் வாங்கப்போகிறவர்களுக்கு

ஆண்டுதோறும் ரிசார்ட்டில் தங்கும் உரிமையை முன்கூட்டியே பணம் கட்டி வாங்குவதே டைம்ஷேர். அதில் ஃபிக்ஸட் வீக் (நிலையான வாரம்) என்றால் குறிப்பிட்ட ரிசார்ட், குறிப்பிட்ட அறை வகை, ஆண்டின் 52 வாரங்களில் உங்கள் பெயருக்கு எழுதிய ஒரே வாரம். பாயிண்ட்ஸ் என்றால் ஆண்டுதோறும் உங்கள் கணக்கில் விழும் ஓர் எண்ணிக்கை; எந்த ஊர், எந்த மாதம், எத்தனை இரவு என்று பார்த்து அதைச் செலவழிக்க வேண்டும். 1986இல் ஸ்டெர்லிங், 1996இல் மகிந்திரா ஹாலிடேஸ் என்று நம் நாட்டில் இந்த வியாபாரம் வளர்ந்தபோது, வாரத்துக்கும் பாயிண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்றும் வேர்விட்டது: உங்கள் சீசனுக்குள் எந்த வாரம் காலியோ அதைப் பிடித்துக்கொள்ளும் மிதக்கும் வாரம். மகிந்திரா ஹாலிடேஸின் கிளப் மகிந்திரா திட்டத்தில் உள்ள பர்ப்பிள், ரெட், ஒயிட், புளூ சீசன்கள் அந்த ரகம். விற்பவர் என்ன பெயர் வைத்தாலும் சரி, கையில் இருப்பது இந்த மூன்றில் எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

உங்கள் விடுமுறையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று பாருங்கள். பள்ளிக்கூடம் தீர்மானிக்கிறது என்றால் நிலையான வாரத்துக்கு நிஜமான மதிப்பு உண்டு. ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை, அதாவது ஏறக்குறைய 16 முதல் 21 வரையிலான வாரங்களில், தமிழ்நாடே கொடைக்கானலையும் ஊட்டியையும் பார்த்து வண்டி கட்டுகிறது. அந்த நாட்களில் பாயிண்ட்ஸ்காரர் இரண்டு விதத்தில் அடிவாங்குவார்: ஓர் இரவுக்கு அதிகபட்ச பாயிண்ட் போகும், அதைக் கொடுக்கத் தயாராக இருந்தாலும் அறை இருக்காது. வாரம் எழுதி வைத்தவருக்கு இந்த ஓட்டப்பந்தயமே இல்லை.

ஆனால் பிள்ளைக்கு இப்போது என்ன வயது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்பில் படிப்பவள் பத்து ஆண்டில் கல்லூரிக்குப் போய்விடுவாள். ஒப்பந்தம் 25 ஆண்டு என்றால், மிச்சமுள்ள 15 ஆண்டுக்கு மே மாதக் கூட்டத்தில் நீங்கள் இருவர் மட்டும் ஏன் மலை ஏற வேண்டும்? நிலையான வாரத்தை விற்பவர்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை.

ஓய்வுபெற்றவர்களுக்கும், லீவு எப்போது கிடைக்கும் என்று தெரியாத வேலையில் இருப்பவர்களுக்கும் பாயிண்ட்ஸே தோது. ஞாயிறு முதல் வியாழன் வரை இரவுகளுக்குப் பொதுவாகக் குறைந்த பாயிண்ட்தான். மழைக்காலத்தில் இன்னும் குறையும்.

பண்டிகையை நம்பி வாரம் வாங்குகிறீர்களா, பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். தீபாவளி 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. ஆண்டின் முதல் சனிக்கிழமையிலிருந்து வாரங்களை எண்ணினால் ஒன்று 42ஆம் வாரம், மற்றது 45. ஒரே வாரத்தை வைத்துக்கொண்டு அதைத் துரத்த முடியாது. பொங்கல் மட்டும் பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலேயே விழும். ஆனால் பொங்கலுக்கு நாம் போவது சொந்த ஊருக்கு. ரிசார்ட்டுக்கு யார் போகிறார்கள்!

ஓர் இரவுக்கு என்ன விலை விழுகிறது என்று எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்கு, வரியோடு சேர்த்து நாலு லட்சம் ரூபாய், 25 ஆண்டு, ஆண்டுக்கு 7 இரவு. ஆண்டுக் கட்டணம் 20,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 23,600. நாலு லட்சத்தை 25ஆல் வகுத்தால் 16,000. ஆக ஆண்டுக்கு 39,600, ஓர் இரவுக்கு ஏறக்குறைய 5,650 ரூபாய். போட்ட பணம் வங்கியில் ஈட்டியிருக்கக்கூடிய வட்டி இதில் இல்லை, சாப்பாடும் இல்லை. ஆண்டுக் கட்டணம் வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் இரட்டிப்பாகிவிடும். அதே ஊரில், அதே மாதத்தில், அதே தர அறைக்கு ஹோட்டல் தளங்களில் என்ன வாடகை என்று பாருங்கள். வாரமா பாயிண்டா என்ற கேள்வியே சில வீடுகளில் இங்கே முடிந்துவிடும்.

பாயிண்ட் அட்டவணையைக் கையில் வாங்குங்கள். அதை மாற்ற யாருக்கு உரிமை என்று கேளுங்கள். உங்கள் பாயிண்ட் எண்ணிக்கை குறையாது. ஆனால் ஒரு பாயிண்ட் எதை வாங்கும் என்பது நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 1991இல் ஃபுளோரிடாவில் தொடங்கிய டிஸ்னி வெகேஷன் கிளப்பில் இதற்கு ஒரு கடிவாளம் உண்டு: ஒரு ரிசார்ட்டுக்கு ஆண்டு முழுவதற்கும் தேவைப்படும் மொத்த பாயிண்டை உயர்த்தக் கூடாது, ஒரு மாதத்தில் ஏற்றினால் இன்னொரு மாதத்தில் இறக்கியாக வேண்டும். உங்களிடம் நீட்டப்படும் ஒப்பந்தத்தில் அப்படியொரு வரி இருக்கிறதா? முன்பதிவு எத்தனை மாதத்துக்கு முன் திறக்கும் என்பதையும் கேளுங்கள். டிஸ்னியில் சொந்த ரிசார்ட்டுக்கு 11 மாதம், மற்றவற்றுக்கு 7 மாதம். பயன்படுத்தாத பாயிண்ட் எப்போது காலாவதியாகும், அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

வாரத்தை மாற்றிக்கொள்ளும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்சிஐ போன்ற பரிமாற்ற நிறுவனங்கள் 1970களிலிருந்தே இதைச் செய்கின்றன. போக முடியாத ஆண்டில் உங்கள் வாரத்தை அங்கே ஒப்படைத்து வேறோர் ஊரில் தங்கலாம். சந்தாவும் பரிமாற்றக் கட்டணமும் தனி. மே வாரத்தைச் சீக்கிரமே ஒப்படைத்தால் நல்ல இடம் கிடைக்க வாய்ப்பு கூடும்; மழைக்கால வாரத்துக்கு அந்த மரியாதை கிடையாது.

செய்யக்கூடாதவை

அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். மாலில் குலுக்கல் சீட்டு, கிஃப்ட் வவுச்சர், "சாரும் மேடமும் சேர்ந்து வரணும்" என்ற அழைப்பு, ஹோட்டல் ஹாலில் இரண்டு மணி நேரப் பேச்சு, "இன்றைக்கு மட்டும் இந்த விலை." நாளைக்கும் அதே விலைதான். ஒப்பந்தத்தின் நகலை வீட்டுக்கு எடுத்துப்போகக் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடலாம். வவுச்சர் போனால் போகட்டும்.

சொத்து என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் பெரும்பாலும் கிடைப்பது தங்கும் உரிமைதான். பட்டா வராது, வங்கியில் அடமானம் வைக்க முடியாது, விற்கப்போனால் போட்டதில் பெரும்பகுதி திரும்பாது.

லாபம் தரும் என்று சொன்னால் அங்கே நிற்காதீர்கள். அறை இரவுகள் என்ற பெயரில் பான்கார்டு கிளப்ஸ் நிறுவனம் சுமார் 7,000 கோடி ரூபாய் திரட்டியது; அது கூட்டு முதலீட்டுத் திட்டமே என்று சொல்லி, மேற்கொண்டு பணம் திரட்ட 2014இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தடை விதித்தது. தங்காவிட்டால் பணம் பெருகித் திரும்பும் என்று யார் சொன்னாலும் அது விடுமுறைத் திட்டமே அல்ல.

வாரத்தைப் பாயிண்டாக மாற்றச் சொல்லும் அழைப்புக்கு உடனே தலையாட்டாதீர்கள். பழைய உறுப்பினர்களுக்கு இது அடிக்கடி வரும். "அப்கிரேடு" என்பார்கள், கூடுதலாகப் பணமும் கேட்பார்கள். கேட்க வேண்டியது ஒன்றே: மாற்றியபின் கிடைக்கும் பாயிண்ட், இப்போது உங்களிடம் இருக்கும் அதே வாரத்தை, அதே அறையை, அதே ரிசார்ட்டில் திரும்ப வாங்குமா? மே வாரம் வைத்திருப்பவருக்குப் பல நேரங்களில் வாங்காது. ஜூலை வாரம் வைத்துக்கொண்டு போகாமலே கட்டணம் கட்டுகிறவருக்கு மாற்றுவது நல்லதாகவும் இருக்கலாம்.

வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். "எப்ப வேணும்னாலும் ரூம் கிடைக்கும் சார்" என்பதை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். தர மாட்டார்கள்.

போகவில்லையே என்று ஆண்டுக் கட்டணத்தைப் பேசாமல் நிறுத்தாதீர்கள். பாக்கி இருந்தால் முன்பதிவு முடங்கும், வட்டியும் ஏறக்கூடும். விலக வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள். தகராறானால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம்.