செக்கு போடுவதற்கு முன் கிடங்கைப் பாருங்க



உடையார்பாளையம் பக்கம் எங்க மண் செம்மண். முந்திரி, கடலை, எள், கம்பு இதுதான் பெரும்பாலும். கடலையை எங்க பக்கம் சில ஊர்ல மல்லாட்டைன்னும் சொல்வாங்க. உரம், மருந்து இல்லாமல் விளைவித்த கடலையை மண்டியில் மற்றதோடு சேர்த்துக் கொட்ட மனசு வரவில்லை. அதனால் வீட்டுக் கொட்டகையில் ஒரு மரச்செக்கு போட்டேன். வாகை மர உரல், மோட்டார், கியர் பாக்ஸ், பெல்ட். ஒரு தடவைக்கு 15 கிலோ பருப்பு ஆடும்.

முதல் வருஷம் ஐப்பசியில் தீபாவளிக்கு எண்ணெய் கேட்டு நிறைய பேர் சொல்லி வைத்திருந்தார்கள். முன்கூட்டியே தயாராக இருப்போம் என்று 150 கிலோ பருப்பு உடைத்து பிளாஸ்டிக் சாக்கில் கட்டி வைத்தேன். ரெண்டாம் நாள் பெல்ட் அறுந்தது. அந்த அளவு பெல்ட் ஜெயங்கொண்டத்தில் இல்லை. திருச்சியிலிருந்து வந்து சேர ஆறு நாள் ஆனது. ஆறு நாளும் விடாத மழை. பெல்ட் மாட்டியதும் அவசர அவசரமாக ஆட்டிக் கொடுத்தேன். நாலாம் நாள் ஒரு அக்கா பாட்டிலைத் திருப்பிக் கொண்டு வந்து வைத்தார்.

"தம்பி, காசு வேணாம். எண்ணெய் சிக்கு வாடை அடிக்குது. பிள்ளைங்களுக்கு வெச்சுக் கொடுக்க பயமா இருக்கு."

மீதி சாக்குகளை அவிழ்த்துப் பார்த்தேன். அடிப் பக்கம் பருப்பு வியர்த்து, மஞ்சள் கலந்த பச்சைப் பூசணம் படர்ந்திருந்தது. இருந்ததை எல்லாம் குழி வெட்டிப் புதைத்தேன். விற்ற வீடுகளுக்கெல்லாம் போய் எண்ணெயைத் திரும்ப வாங்கிக் கொண்டேன். சில நூறு ரூபாய் பெல்ட் ஒன்றை முன்னாலேயே வாங்கி வைக்காததுக்கு நான் கொடுத்த விலை அது.

அன்றைக்குத்தான் புரிந்தது. இருப்பு, தரம், பராமரிப்பு என்று மூணாகப் பிரித்துப் பேசுகிறோம். கொட்டகைக்குள் அது மூணும் ஒண்ணுதான். இயந்திரம் நின்றால் சரக்கு தேங்கும். சரக்கு தேங்கினால் தரம் போகும்.

பூசணம் ஏன் சின்ன விஷயம் இல்லை

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. காரணம் தேடியபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தில் போய் நின்றது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் உண்டாக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சு அப்படித்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. ஈரலைத் தாக்கும், புற்றுநோய் உண்டாக்கும். வீட்டுச் சமையல் சூட்டில் இது அழிவதில்லை.

ஆலையில் சுத்திகரிக்கும்போது காரம் சேர்த்துக் கழுவுவதில் இந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும். நம்ம செக்கு எண்ணெய்க்கு அந்த வேலை கிடையாது. "ரிஃபைன்ட் இல்லை" என்று பெருமையாகச் சொல்லித்தான் விற்கிறோம். அப்படிச் சொல்கிற உரிமை வேண்டுமென்றால் கெட்ட பருப்பு ஒண்ணுகூட உரலுக்குள் போகக் கூடாது. நமக்குச் சுத்திகரிப்பு ஆலை என்பது கிடங்கும் முறமும்தான்.

இன்னொன்று. இந்த நஞ்சில் பெரும்பகுதி எண்ணெயில் போகாது, பிண்ணாக்கில் தங்கும். பிண்ணாக்கை மாடு தின்றால் பாலில் வேறு வடிவத்தில் வரும். ஆகவே பூசணம் பிடித்த கடலையை "மாட்டுக்குத்தானே" என்று போடாதீங்க.

எதை இருப்பு வைப்பது

ஜப்பானில் டொயோட்டா கார் ஆலையில் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் பொருள் வரணும், தேங்கும் சரக்கு எல்லாம் வீண் என்பது அவர் கணக்கு. இரும்பும் டயரும் வருஷம் முழுக்க வரும், அதனால் அங்கே அது நடக்கும். நமக்குக் கடலை பட்டத்துக்குத்தான் வரும். இருப்பு இல்லாமல் முடியாது. ஆனால் எந்த நிலையில் இருப்பு வைப்பது என்பது நம்ம கையில் இருக்கிறது.

ஓட்டோடு இருக்கும் கடலை அதிக நாள் தாங்கும். ஓடுதான் அதுக்கு இயற்கை கொடுத்த டப்பா. உடைத்த பருப்பு அதைவிடக் குறைவு. பிண்ணாக்கு மழைக்காலத்தில் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டால் காறிப்போகும். அதனால் என் விதி இது: வருஷத்துக்கான இருப்பு ஓட்டுக் கடலையாக, ஒரு வாரத்துக்கானது மட்டும் பருப்பாக, எண்ணெய் மூன்று வாரத்துக்கு மேல் நிற்காமல்.

கணக்கு போடுவது எளிது. மாதம் 100 லிட்டர் விற்கிறது என்று வையுங்க. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். ஆக 91 கிலோ எண்ணெய். நூறு கிலோ பருப்புக்கு 40 கிலோ எண்ணெய் கிடைத்தால், மாதம் சுமார் 230 கிலோ பருப்பு வேண்டும். ஓட்டுக் கடலையில் நூற்றுக்கு எழுபது பருப்பு என்றால் சுமார் 330 கிலோ காய். ஒன்பது மாதத்துக்கு ஏறத்தாழ 3 டன். உங்க செக்கில் கிடைக்கிற அளவை வைத்து இதே கணக்கைப் போட்டுக்கங்க.

எந்த அறுவடையை வாங்குவது? ஆடிப்பட்டக் கடலை ஐப்பசி மழையில் வரும், காய வைக்கப் படாதபாடு படணும். மார்கழியில் விதைத்து பங்குனி, சித்திரையில் எடுக்கிற இறவைக் கடலை நல்ல வெயிலில் காயும். வருஷ இருப்புக்கு அதுதான் ஏற்றது. ஆடிப்பட்டக் கடலை வாங்கினால் நன்றாகக் காய வைத்து அதை முதலில் ஆட்டிவிடுங்க.

மூணு டன்னுக்கு ஒரே நேரத்தில் பணம் போட என்னால் முடியாது. அதனால் பக்கத்து இயற்கை உழவர்களிடம் பேசி, காயைக் காய வைத்து அவங்க வீட்டிலேயே வைக்கச் சொல்கிறோம். பாதிப் பணம் முன்னால், மீதி எடுக்கும்போது. வைக்கிற முறை மட்டும் எல்லா வீட்டிலும் ஒண்ணாக இருக்கணும்: சணல் சாக்கு, கீழே மரச் சட்டம், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மேலே ஒழுகாத கூரை. செல்பாஸ் மாத்திரை போடுகிற கிடங்கில் நம்ம மூட்டை இருக்கவே கூடாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

ஓட்டுக் கடலையில் ஈரம் நூற்றுக்கு எட்டு, பருப்பில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது. மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் காயைக் காதருகே ஆட்டிப் பாருங்க, கலகலவென்று சத்தம் வரணும். பருப்பைக் கடித்தால் நசுங்காமல் படக்கென்று உடையணும். விரலில் தேய்த்தால் தோல் உதிரணும்.

பிறகு முறத்தில் போட்டுக் கையால் பொறுக்கணும். சுருங்கினது, நிறம் மாறினது, வண்டு துளைத்தது, முளை விட்டது எல்லாம் வெளியே. நஞ்சு எல்லாப் பருப்பிலும் பரவி இருப்பதில்லை. சில கெட்ட பருப்பில்தான் நிறைய இருக்கும். அதனால் பொறுக்குகிற கூலி வீண் செலவு இல்லை.

டொயோட்டாவில் இன்னொரு வழக்கம் உண்டு. தப்பு கண்ணில் பட்டால் கடைசித் தொழிலாளி கூட கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம். எங்க கொட்டகையிலும் அப்படித்தான். பொறுக்க வரும் அம்மா "தம்பி, இந்த மூட்டை நாறுது, நிறுத்துப்பா" என்றால் அன்றைக்குச் செக்கு நிற்கும். ஏன் என்று பார்த்த பிறகுதான் ஓடும்.

செக்கைப் பார்த்துக்கொள்வது

தினமும் ஆட்டி முடித்ததும் உரலில் ஒட்டிய பிண்ணாக்கைச் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைக்கணும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, மரத்தில் ஈரம் இறங்கினால் அங்கேயே பூசணம் வரும். பழைய பிண்ணாக்கு உரலில் கிடந்து காறினால், மறுநாள் நல்ல பருப்பு போட்டாலும் அந்த வாடை ஏறும். எள்ளும் கடலையும் ஒரே செக்கில் ஆட்டினால், மாற்றும்போது இரண்டு மடங்கு சுத்தம் வேண்டும். எள்ளுக்குக் கருப்பட்டி சேர்த்திருப்போம், அது ஒட்டிக்கொண்டு நிற்கும்.

வாரம் ஒருமுறை பெல்ட்டில் விரிசல் இருக்கிறதா, தொய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பேரிங் சத்தத்தையும் சூட்டையும் கவனிக்கிறேன். கியர் பாக்ஸில் எண்ணெய் அளவும் கசிவும் பார்ப்பது முக்கியம். அந்த இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு உரலில் விழுந்தால் அன்றைய எண்ணெய் அத்தனையும் வீண். உதிரியாக ஒரு பெல்ட், ஒரு ஜோடி பேரிங், ஒரு உலக்கை எப்போதும் கொட்டகையில் இருக்கும். எடுத்து மாட்டினால் அன்றைக்கே புதுசு வாங்கி வைத்துவிடுவேன். உதிரியும் இருப்புதான்.

ஒரே நோட்டு

எங்க ஊர் பயறணீசுவரர் கோயிலைப் பற்றி ஒரு கதை சொல்வாங்க. மிளகு மூட்டை கொண்டுபோன வியாபாரி, சுங்கத்துக்குப் பயந்து 'பயறு' என்று சொன்னானாம். அவிழ்த்துப் பார்த்தால் நிஜமாகவே பயறாகிவிட்டதாம். அழுது வேண்டிய பிறகுதான் மிளகாக மாறியதாம். மூட்டைக்குள் இருப்பதும் நாம் சொல்வதும் ஒண்ணாக இருக்கணும். இயற்கை விளைச்சல் என்று சொல்லி விற்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது.

அதனால் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு அட்டை: யார் வீட்டுக் கடலை, என்றைக்கு எடுத்தது, என்றைக்கு வந்தது. முதலில் வந்தது முதலில் போகும். நோட்டில் ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு வரி: எந்த மூட்டை, பருப்பு எத்தனை கிலோ, எண்ணெய் எத்தனை, பிண்ணாக்கு எத்தனை. அதே எண் பாட்டிலிலும் ஒட்டப்படும். சான்றிதழுக்கு வருகிறவர்களுக்கும் இந்த நோட்டைத்தான் காட்டுகிறேன்.

இந்த நோட்டு கெடுதலை முன்கூட்டியே சொல்லும். 15 கிலோ பருப்புக்கு வழக்கமாக 6 கிலோ எண்ணெய் வரும். ஒரு வாரம் ஐந்தேகால் கிலோவாக இறங்கியது. முன்பு என்றால் "கடலை சரியில்லை" என்று உழவர் மேல் பழி போட்டிருப்பேன். மூணு வீட்டு மூட்டையிலும் அதே குறைச்சல் என்று நோட்டு காட்டியது. பிண்ணாக்கைப் பிசைந்தால் கையில் எண்ணெய் ஒட்டியது. உலக்கையின் அடி தேய்ந்து அழுத்தம் குறைந்திருந்தது. உலக்கையை மாற்றியதும் பழைய அளவுக்கு வந்தது. ஒரு வீட்டு மூட்டையில் மட்டும் குறைந்திருந்தால் கடலையின் ஈரத்தைப் பார்த்திருப்பேன்.

செக்கு போட நினைக்கிறவங்க முதலில் ஒரு நோட்டும், ஒரு முறமும், மழை படாத நாலு சுவரும் தயார் செய்யுங்க. செக்கு அதுக்கப்புறம் வரட்டும். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்த அக்கா இப்போதும் என்னிடம்தான் எண்ணெய் வாங்குகிறார். வாங்கியதும் மூடியைத் திறந்து ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பார். அவர் அப்படிச் செய்வது எனக்கு நல்லதுதான்.