உலக 20 வயதுக்குட்பட்டோர் தடகளம்: முதல்முறை பார்ப்பவருக்கு முழுமையான வழிகாட்டி

2018 ஜூலை. ஃபின்லாந்தின் டாம்பெரே நகரில் பெண்கள் 400 மீட்டர் இறுதி ஓட்டம். கடைசி வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வரும்போது ஹிமா தாஸ் முன்னணியில் இல்லை. கடைசி 80 மீட்டரில் ஒவ்வொருவராகத் தாண்டி 51.46 விநாடியில் முதலாவதாக வந்தார். உலக அளவிலான தடகளப் போட்டியில் ஓட்டப் பந்தயம் ஒன்றில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். அந்தக் காணொளியை நான் பார்த்தது மறுநாள்தான். பதக்கம் வந்த பிறகே போட்டியைத் தேடிப் போனேன் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது. அடுத்த முறை நீங்கள் முதல் நாளிலிருந்தே பார்க்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1986-இல் ஏதென்ஸில் தொடங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் போட்டி இது. முன்பு உலக ஜூனியர் தடகளம் என்று பெயர். கொரோனாவால் 2020 போட்டி 2021-க்குத் தள்ளிப்போனது. அதனால் நைரோபி, கொலம்பியாவின் காலி என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு நடந்தன. 2024-இல் பெருவின் லிமா. 2026 போட்டி அமெரிக்காவின் யூஜீனுக்கு ஒதுக்கப்பட்டது.

படி 1: வயதுக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

பிறந்தநாள் எப்போது என்பது இங்கே கணக்கில்லை. போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று என்ன வயது என்பதுதான் கணக்கு. அன்று 20 நிறைந்திருக்கக் கூடாது. 16-க்குக் குறையவும் கூடாது. லிமாவில் ஓடியவர்கள் 2005 முதல் 2008 வரை பிறந்தவர்கள்.

2002-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், தன் சொந்த நாட்டு மக்கள் முன்னால், 200 மீட்டர் தங்கத்தை 20.61 விநாடியில் வென்ற உசைன் போல்ட்டுக்கு அன்று வயது 15. ஆகஸ்டில்தான் 16 நிறைந்தது. டிசம்பர் 31 கணக்குதான் அவரைக் களத்தில் இறக்கியது. பதற்றத்தில் காலணிகளைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

எனவே முடிவுப் பட்டியலில் நேரத்தோடு பிறந்த ஆண்டையும் பாருங்கள். பதினாறு வயதில் ஆறாவதாக வருவதும் பத்தொன்பது வயதில் ஆறாவதாக வருவதும் ஒன்றல்ல.

படி 2: கையில் இருப்பது எத்தனை கிலோ?

புதியவர்கள் அதிகம் தவறும் இடம் இது. ஆண்களுக்கான குண்டு பெரியவர்களுக்கு 7.26 கிலோ, இங்கே 6 கிலோ. சம்மட்டியும் அப்படியே. வட்டு 2 கிலோவுக்குப் பதில் 1.75. 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தடையின் உயரம் 106.7 சென்டிமீட்டருக்குப் பதில் 99.1. ஆகவே இந்தத் தூரங்களையும் நேரங்களையும் ஒலிம்பிக் பட்டியலோடு ஒப்பிடாதீர்கள்.

பெண்களுக்கு இந்தக் குறைப்பு கிடையாது. ஆண்களின் ஈட்டிக்கும் கிடையாது. அதே 800 கிராம்தான். 2016-இல் போலந்தின் பிட்கோஷ்ச் நகரில் நீரஜ் சோப்ரா எறிந்த 86.48 மீட்டர் உலகையே திரும்பிப் பார்க்க வைத்ததற்கு இதுதான் காரணம். இளையோர் உலக சாதனை அது. ஆனால் சலுகை ஏதும் இல்லாத ஈட்டியில் வந்த சாதனை.

படி 3: முடிவுப் பட்டியலைப் படிக்கப் பழகுங்கள்

ஓட்டங்களின் தகுதிச் சுற்றுகளில் பெயருக்குப் பக்கத்தில் பெரிய 'க்யூ' இருந்தால் இடத்தின் அடிப்படையில் தகுதி. சிறிய 'க்யூ' என்றால் நேரத்தின் அடிப்படையில். காற்றின் வேகத்தையும் போட்டிருப்பார்கள். பின்னாலிருந்து விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் வீசினால் பதக்கம் உண்டு, சாதனை கிடையாது.

ஒரு பிரிவில் ஒரு நாட்டுக்கு இருவர்தான். வேக ஓட்டத்தில் ஜமைக்காவின் மூன்றாவது வீரர் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் வீட்டிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

படி 4: தாண்டும் களத்தில் பலகையைப் பாருங்கள்

ஓட்டத்தை எல்லோரும் பார்ப்பார்கள். தாண்டுதலைப் பார்க்கக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். மணலில் விழும் இடத்தைப் பார்க்காதீர்கள். கால் எழும்பும் பலகையைப் பாருங்கள். தூரம் அளக்கப்படுவது கால் பட்ட இடத்திலிருந்து அல்ல, பலகையின் விளிம்பிலிருந்து. விளிம்புக்குப் பத்து சென்டிமீட்டர் முன்பே எழும்பினால் அந்தப் பத்தும் போயிற்று. விளிம்பைத் தாண்டி மிதித்தால் மொத்தமும் போயிற்று, ஃபவுல்.

2021 நைரோபியில் இந்தியாவின் ஷைலி சிங் நீளம் தாண்டியது 6.59 மீட்டர். தங்கம் வென்ற ஸ்வீடனின் மாயா ஆஸ்காக் தாண்டியது 6.60. அந்த ஒரு சென்டிமீட்டரை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த முறை பலகையைப் பாருங்கள், கண் நகராது.

மறு ஆண்டு கொலம்பியாவின் காலியில் நம் தமிழ்நாட்டின் செல்வபிரபு திருமாறன் மும்முறைத் தாண்டுதலில் 16.15 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். தங்கம் வென்ற ஜமைக்காவின் ஜெய்டன் ஹிப்பர்ட் தாண்டியது 17.27. ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி. அதனால் அந்த வெள்ளியின் மதிப்பு குறையாது. உலகின் உச்சம் எங்கே இருக்கிறது என்பதை அந்த வயதிலேயே பக்கத்தில் நின்று பார்க்க முடிகிறதே, இந்தப் போட்டி தரும் பெரிய பாடம் அதுதான் என்பேன்.

படி 5: நாட்காட்டியும் ஒரு போட்டியாளர்தான்

நீரஜின் 86.48 வந்தது 2016 ஜூலை 23. ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதித் தூரம் 83 மீட்டர். ஆனால் அதை எட்டுவதற்கான கெடு ஜூலை 11-ஆம் தேதியே முடிந்துவிட்டது. பன்னிரண்டு நாள் தாமதம். ரியோவில் ஈட்டியில் வெண்கலம் வென்ற தூரம் 85.38! இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். போட்டியைப் பின்தொடரும்போது அந்தப் பருவத்தின் தகுதிக் கெடுக்களையும் குறித்து வையுங்கள்.

படி 6: உங்கள் வீட்டில் ஒரு வீராங்கனை இருந்தால்

இரண்டே சொல்வேன். பிறப்புச் சான்றிதழில் கை வைக்காதீர்கள். வயதைக் குறைத்து வாங்கும் பதக்கம் இன்னொரு பிள்ளையிடமிருந்து பறித்தது. மற்றொன்று, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை. 2000-இல் சான்டியாகோவில் வட்டு எறிதலில் தங்கம் வென்ற இந்தியாவின் சீமா அன்டில், சளி மருந்துகளில் இருக்கும் சூடோஎபெட்ரின் சோதனையில் தெரிந்ததால் பதக்கத்தை இழந்தார். 2002-இல் திரும்பி வந்து வெண்கலம் வென்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எந்த மருந்தானாலும் விளையாட்டு மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

படி 7: ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்

வென்றவர்களை மட்டும் எழுதாதீர்கள். காலியில் 200 மீட்டர் இறுதியில் இஸ்ரேலின் பிளெஸ்ஸிங் அஃப்ரிஃபாவும் போட்ஸ்வானாவின் லெட்சிலே டெபோகோவும் ஒரே 19.96 விநாடியில் வந்தார்கள். புகைப்படத்தை வைத்துப் பிரித்ததில் டெபோகோவுக்கு வெள்ளி. இரண்டே ஆண்டுகளில், பாரிஸ் ஒலிம்பிக்கில், அதே 200 மீட்டரை 19.46-இல் ஓடித் தன் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுபோனார் அவர். அன்று வெள்ளிக்கு நேரே அந்தப் பெயரை எழுதி வைத்தவர்கள், பாரிஸ் ஓட்டம் தொடங்கும் முன்பே பழைய பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்.